கையில் வாக்கி டாக்கி இருந்தும் தீயணைப்பு வீரர்கள் ஏன் மாட்டிக்கொள்கிறார்கள்?

கேள்வி இதுதான்: நல்ல பயிற்சி, தீயைத் தாங்கும் உடை, முதுகில் சிலிண்டர், கையில் வாக்கி டாக்கி, இவ்வளவும் இருந்தும் கட்டடத் தீவிபத்துகளில் தீயணைப்பு வீரர்களே உள்ளே சிக்கி இறந்துபோகிறார்களே, எப்படி? வெளியே நிற்கும் சக வீரர்களைக் கூப்பிட்டால் வந்து தூக்கிக்கொண்டு போக மாட்டார்களா?

கூப்பிட்டிருக்கிறார்கள். வீரர்கள் இறந்த பெரிய தீவிபத்துகளின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால், அந்தக் குரல்கள் ஒலிப்பதிவில் இருப்பது தெரியும். எத்தனை மணிக்கு, என்ன சொன்னார்கள் என்று வரிவரியாக அச்சாகியிருக்கும். சம்பவ இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் அது கேட்டிருக்காது. கேட்ட இடங்களிலும், எந்த மாடியில் இருக்கிறார்கள் என்று புரிந்திருக்காது. மாடி புரிந்த பிறகும், போய்ச் சேர்வதற்குள் காற்று தீர்ந்திருக்கும். வாக்கி டாக்கி சரியாக இல்லை என்பது இதில் ஒரு பகுதிதான், என் கணக்கில் சின்னப் பகுதி.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. முதுகில் இருப்பதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று செய்திகளில் எழுதுவார்கள். அதில் இருப்பது அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. சுத்த ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு யாரும் நெருப்புக்குள் போக மாட்டார்கள். சிலிண்டரில் 30 நிமிடம் என்று போட்டிருந்தால் அது நிதானமாக மூச்சு விடும் ஆளுக்கான கணக்கு. கனமான உடையோடு, தண்ணீர் நிரம்பிய ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறும் ஆளுக்கு அது 18, 19 நிமிடத்தில் முடிந்துவிடும். பயம் வந்துவிட்டால் இன்னும் சீக்கிரம். காற்று குறைகிறது என்று எச்சரிக்கும் மணி முன்பெல்லாம் கால் பங்கு மிச்சம் இருக்கும்போது அடிக்கும். 2013-ல் அமெரிக்கத் தரநிலையை மாற்றி, மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே அடிக்க வைத்தார்கள். அந்தக் கூடுதல் இரண்டு மூன்று நிமிடங்களுக்காகப் பல வருடம் வாதாட வேண்டியிருந்தது.

அப்புறம் புகை. சினிமாவில் காட்டுவது போல உள்ளே எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்காது. கறுப்பு. கையை முகத்துக்கு நேரே நீட்டினால் கை தெரியாது. ஹோஸைப் பிடித்துக்கொண்டோ சுவரைத் தடவிக்கொண்டோதான் திரும்பி வர முடியும். ஹோஸை விட்டுவிட்டுப் பத்தடி நகர்ந்தவர், வந்த வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அதே அறைக்குள் சுற்றிக்கொண்டிருப்பார். இன்றைய ஃபோம் மெத்தை, செயற்கை இழைத் திரை, பிளாஸ்டிக் சாமான்களோடு இருக்கும் அறை எரியும் வேகமும் வேறு. பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் அமெரிக்காவின் யூஎல் ஆய்வகம் இரண்டு அறைகளை எரித்துப் பார்த்தது. பழைய காலத்து மரம், பருத்திச் சாமான்கள் வைத்த அறை முழுதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ள ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. இன்றைய சாமான்கள் வைத்த அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஆக, உள்ளே போனவருக்குத் தப்பு செய்து திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது.

இப்போது வாக்கி டாக்கிக்கு வரலாம். தடித்த கையுறைக்குள் இருக்கும் கட்டைவிரலால் ஒரு சின்னப் பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்த வேண்டும். டிஜிட்டல் ரேடியோ என்றால் அழுத்தியவுடன் பேசக் கூடாது, இணைப்பு கிடைக்க ஒரு கணம் பொறுக்க வேண்டும். பதற்றத்தில் யார் பொறுப்பார்கள்? முதல் சொல் காணாமல் போகும், அந்த முதல் சொல் பெரும்பாலும் பேசுபவரின் பெயராகவோ குழுவின் எண்ணாகவோ இருக்கும். குரல் மாஸ்க்கின் பிளாஸ்டிக் வழியாக வருகிறது. பக்கத்தில் காற்று குறையும் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதக் குரலைச் சுருக்கி அனுப்புவதற்கென்று வடிவமைத்த டிஜிட்டல் ரேடியோ, இந்த இரைச்சல் கலந்த குரலை எப்படிச் சுருக்குவது என்று தெரியாமல் கரகரவென்று ஏதோ ஒன்றாக்கி அனுப்பும். 2008-ல் அமெரிக்காவில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். தீக்களத்தின் சில வகை இரைச்சல்களில் பழைய அனலாக் ரேடியோவே தெளிவாகக் கேட்டது. புதுசு என்றால் மேல் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒன்றாகப் பொத்தானை அழுத்தினால், அனலாக் எஃப்எம் ரேடியோ அவர்களில் வலுவான அலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை அப்படியே விழுங்கிவிடும். வலுவான அலை யாருடையது? வெளியே திறந்த வெளியில், வண்டிக்குப் பக்கத்தில் நின்று "இன்னொரு ஏணி அனுப்புங்கள்" என்று சொல்பவருடையது. மூன்று கான்கிரீட் சுவர்களுக்கு அப்பால் தரையில் கிடந்தபடி கூப்பிடுபவரின் அலை நலிந்தது. அவர் பேசியதாக நினைப்பார். மற்ற யாருக்கும் அவர் பேச முயன்றதே தெரியாது. இதற்கு மேல் கான்கிரீட், இரும்புக் கம்பி, அடித்தளம், வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சு பூசிய கண்ணாடி எல்லாம் அலையைத் தின்னும். சூடும் ஒரு பிரச்சினை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் கைரேடியோக்களை அடுப்பில் வைத்துச் சோதித்தபோது, 160 டிகிரி செல்சியஸில் பாதுகாப்பில்லாமல் வைத்தவை பலவும் கால் மணி நேரத்துக்குள் தடுமாறின. அதே ரேடியோவை உடையின் பாக்கெட்டுக்குள் போட்டபோது தாக்குப்பிடித்தது.

கருவி பற்றி இது போதும். ஆனால் 1991-ல் பிலடெல்ஃபியாவில் நடந்தது கருவியால் அல்ல.

ஒன் மெரிடியன் பிளாசா 38 மாடிக் கட்டடம். பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. 22-வது மாடியில், மரவேலைக்குப் பயன்படுத்திய ஆளிவிதை எண்ணெய்த் துணிகள் தானாகச் சூடேறிப் பற்றிக்கொண்டன. கரண்ட் போனது, அவசர மின்சாரமும் வரவில்லை, லிஃப்ட் கிடையாது. மாடிகளில் இருந்த தண்ணீர்க் குழாய் வால்வுகளில் அழுத்தம் தவறாக அமைக்கப்பட்டிருந்ததால் ஹோஸில் வந்த தண்ணீருக்கு வீச்சே இல்லை. மேலே சேர்ந்த புகையை வெளியேற்ற ஒரு கேப்டனும் இரண்டு வீரர்களும் படிக்கட்டில் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் கேப்டன் ரேடியோவில் வந்தார். 30-வது மாடியில் படிக்கட்டை விட்டு வெளியே வந்துவிட்டோம், புகையில் வழி தெரியவில்லை, ஜன்னலை உடைக்கலாமா என்று அனுமதி கேட்டார். அனுமதி கிடைத்தது. அடுத்து, கேப்டன் விழுந்துவிட்டார் என்று உடன் இருந்தவரின் குரல் வந்தது.

செய்தி வந்தது, கேட்டது, உடனே ஆட்களும் போனார்கள். எங்கே? 30-வது மாடிக்கும் அதற்கு மேலேயும். மேலே தேடப்போன எட்டுப் பேர் 38-வது மாடியின் இயந்திர அறைப் பகுதியில் வழி தவறி, காற்றும் தீர்ந்து, ஹெலிகாப்டரில் மொட்டைமாடிக்கு வந்த இன்னொரு குழுவால்தான் பிழைத்தார்கள். அதிலும் எட்டு உயிர் போயிருக்க வேண்டியது. கடைசியில் உடைந்த ஜன்னல் ஒன்று வெளியிலிருந்து கண்ணில் பட்டது. 28-வது மாடியில். மூன்று பேரும் அங்கேதான் கிடந்தார்கள், யாரும் பிழைக்கவில்லை.

இரண்டு மாடி வித்தியாசம். அந்தக் கேப்டனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இருட்டில், பாரத்தோடு, 20 மாடிக்கு மேல் படியேறிய எவருக்கும் எண்ணிக்கை தவறும். படிக்கட்டுச் சுவரில் மாடி எண் எழுதியிருந்தாலும் புகையில் தெரியாது. "எங்கே இருக்கிறீர்கள்" என்ற கேள்விக்கு உள்ளே இருப்பவர் சொல்லும் பதில் அவருடைய அனுமானம்தான். அதை உண்மை என்று எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஒரே மாடிக்கு அனுப்பக் கூடாது, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்திலிருந்து தேட வேண்டும் என்பது இன்று பயிற்சியில் சொல்லித்தரும் பாடம். அந்தத் தீ 19 மணி நேரம் எரிந்தது. கட்டடம் இடிந்து விழலாம் என்று பயந்து, காலையில் வீரர்களையே வெளியே எடுத்துவிட்டார்கள். 30-வது மாடியில், சூடு பட்டால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் பொருத்தியிருந்தார்கள். பத்தே பத்து ஸ்பிரிங்க்ளர் முனைகள் திறந்துகொண்டன, தீ அங்கே நின்றது.

யாரும் கேட்காமல் போனதற்கு உதாரணம் 1988 ஜூலை 1, நியூ ஜெர்சியின் ஹேக்கன்சாக். கார் விற்பனை நிலையம், வில் வளைவு மரச் சட்டங்கள் தாங்கும் பெரிய கூரை. தீ கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே மறைந்து எரிந்துகொண்டிருந்தது. திடீரென்று கூரை விழுந்தது. மூன்று பேர் அங்கேயே இறந்தார்கள். இன்னும் இரண்டு பேர் தப்பி, பக்கத்தில் இருந்த கருவிகள் வைக்கும் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்து ரேடியோவில் தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஊருக்கே இருந்தது ஒரு சானல். கட்டுப்பாட்டு அறை, சம்பவ இடம், வந்துகொண்டிருக்கும் வண்டிகள் எல்லாம் அதில்தான். அந்த நெரிசலில் சம்பவ இடத்தில் இருந்தவர்கள் காதில் இது விழவில்லை. யாருக்குக் கேட்டது தெரியுமா? வீட்டில் ஸ்கேனர் (ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்கும் கருவி) வைத்துக்கொண்டு பொழுதுபோக்காகக் கேட்டுக்கொண்டிருந்த பொதுமக்களுக்கு. அவர்கள் தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் செய்து, உள்ளே இருவர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். இருவரும் பிழைக்கவில்லை.

ரேடியோ அங்கே வேலை செய்தது. சொல்லப்போனால் மிக நன்றாக வேலை செய்தது, ஊரெல்லாம் கேட்டது. கேட்பதையே வேலையாக வைத்துக்கொண்ட ஒரு ஆள் சம்பவ இடத்தில் இல்லை, அவ்வளவுதான். பொறுப்பதிகாரி வண்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டு, ஹோஸ் எங்கே போட வேண்டும் என்று கை காட்டிக்கொண்டு, யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டு, இடுப்பில் முணுமுணுக்கும் ரேடியோவையும் கேட்க வேண்டும் என்றால் எந்த மனிதனாலும் முடியாது.

19 வருடம் கழித்து, 2007 ஜூன் 18-ல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு சோஃபாக் கடையில் அதே கதை, இன்னும் பெரிதாக. ஒன்பது வீரர்கள் இறந்தார்கள். சரக்கு இறக்கும் மேடைக்கு வெளியே கிடந்த குப்பையில் தொடங்கிய தீ. கடை முழுதும் ஃபோம் மெத்தைகள், ஸ்பிரிங்க்ளர் கிடையாது. உள்ளேயிருந்து வந்த உதவிக் குரல்கள் ஒலிப்பதிவில் இருக்கின்றன, அந்த நேரத்தில் அதிகாரிகள் பிடித்துக்கொள்ளவில்லை. அதைவிட மோசம், எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்ற கணக்கை வைத்திருக்க அங்கே முறையான ஏற்பாடே இல்லை. கணக்கு இல்லையென்றால் ஒருவர் குறைகிறார் என்பதே தெரியாது. எல்லோரும் ஒரே சானலில் பேசினால் என்ன ஆகும் என்ற ஹேக்கன்சாக் படிப்பினை அதற்குப் பல வருடம் முன்பே அச்சில் வந்துவிட்டது. தீயணைப்புத் துறைகள் ஒருவர் அறிக்கையை ஒருவர் படிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

உள்ளேயிருந்து வெளியே வரும் செய்தி ஒரு பக்கம். வெளியேயிருந்து உள்ளே போக வேண்டிய "எல்லோரும் வெளியே வாருங்கள்" என்ற உத்தரவு மறுபக்கம். 2001 செப்டம்பர் 11-ல் உலக வர்த்தக மையத்தில் நியூயார்க் தீயணைப்புத் துறை 343 பேரை இழந்தது. தெற்குக் கோபுரம் காலை 9:59-க்கு விழுந்தது, வடக்குக் கோபுரம் 10:28-க்கு. இடையில் 29 நிமிடம். வெளியேறும் உத்தரவு வடக்குக் கோபுரத்துக்குப் போனது. ஆனால் உள்ளே இருந்த வீரர்களில் பலருக்கு அது கேட்கவில்லை, கேட்ட சிலருக்கும் பக்கத்துக் கோபுரம் முழுதாக விழுந்துவிட்டது என்று தெரியாது. தெரியாதவர் எப்படி அவசரப்படுவார்? போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து கோபுரத்தின் நிலை பற்றி வந்த எச்சரிக்கைகள் போலீஸ் சானலோடு நின்றன.

அதில் ஒரு சின்ன விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கும். அதே மையத்தில் நடந்த 1993 குண்டுவெடிப்பில் உயரக் கட்டடத்துக்குள் ரேடியோ எடுக்கவில்லை என்று கண்டுபிடித்து, அலையை வாங்கிப் பெருக்கி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றை அங்கே பொருத்தியிருந்தார்கள். அதை முழுமையாக இயக்க இரண்டு பொத்தான்களை அழுத்த வேண்டும். அன்று இரண்டாவது பொத்தான் அழுத்தப்படவில்லை. வடக்குக் கோபுர வரவேற்பறையில் நின்ற தலைமை அதிகாரிகள் சோதித்துப் பார்த்தார்கள், பதில் வரவில்லை, ரிப்பீட்டர் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்து வேறு சானலுக்குப் போனார்கள். அது உண்மையில் வேலை செய்துகொண்டிருந்தது. தெற்குக் கோபுரத்தில் அதே ரிப்பீட்டரைப் பயன்படுத்தி மேல்மாடிகள் வரை பேசினார்கள். அன்றைய ரேடியோப் பேச்சு உச்சத்தில் இருந்த நேரத்தில், செய்திகளில் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை முழுமையாகவோ புரியும்படியோ இல்லை என்று பின்னால் நடந்த தொழில்நுட்ப விசாரணை சொன்னது.

2017 லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் தீயணைப்பு வீரர் யாரும் இறக்கவில்லை. ஆனால் 72 பேர் இறந்தார்கள், தகவல் அறுந்துபோனதற்கு அது பாடப்புத்தகம். மாட்டிக்கொண்டவர்கள் கட்டுப்பாட்டு அறைக்கு ஃபோன் செய்தார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற தகவல் அங்கிருந்து சம்பவ இடத்துக்கு வந்து, துண்டுச் சீட்டில் ஏறி, ஆள் மூலம் உள்ளே போய், சுவரில் எழுதப்பட்டது. தகவல் போய்ச் சேரும்போது பழசாகியிருந்தது. முதல் அழைப்பு 00:54. வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்ற அறிவுரையை மாற்றியது 02:47. அதை 1:30-க்கும் 1:50-க்கும் இடையிலேயே மாற்றியிருக்க வேண்டும் என்றது விசாரணை ஆணையம்.

சரி, கேள்வியின் இரண்டாம் பாதி. கேட்டுவிட்டால் போய்த் தூக்கி வந்துவிட முடியாதா?

2001 மார்ச்சில் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் ஒரு சூப்பர் மார்க்கெட் தீயில் ஒரு வீரர் வழி தவறி இறந்தார். ஏகப்பட்ட பேர் உள்ளே போயும் அவரைச் சமயத்தில் வெளியே கொண்டுவர முடியவில்லை. அந்தத் துறை அப்புறம் ஒரு நேர்மையான காரியம் செய்தது. காலிக் கிடங்குகளில், கண்ணை மறைத்துக்கொண்டு, நிஜ ஆட்களை வைத்துத் திரும்பத் திரும்ப மீட்புப் பயிற்சி நடத்தி நேரம் எடுத்தார்கள். ஒரு வீரரை வெளியே கொண்டுவர சராசரியாக 12 பேர் தேவைப்பட்டார்கள். ஏறக்குறைய 20 நிமிடம் ஆனது. மீட்கப் போனவர்களில் ஐந்தில் ஒருவர் தானே ஏதோ சிக்கலில் மாட்டினார். அவர்கள் சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று அளந்ததும் அதே சோதனையில்தான்: 18 நிமிடமும் சொச்சமும். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். காற்று தீரும்போது கூப்பிட்டால் வருபவர் வந்து சேர மாட்டார். வழி தவறிய முதல் நிமிடத்திலேயே, சந்தேகம் வந்தவுடனே கூப்பிட வேண்டும்.

ஆனால் கூப்பிட மாட்டார்கள். இது மனித இயல்பு. ஆபத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றுவதே வேலையாக இருப்பவருக்கு "நான் ஆபத்தில் இருக்கிறேன்" என்று ஊர் கேட்கச் சொல்வது அவமானமாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் தடவிப் பார்த்தால் கதவு கிடைத்துவிடும் என்று தோன்றும். அதனால்தான் நல்ல துறைகள் இதை வீரரின் முடிவுக்கே விடுவதில்லை. விழுந்தால், சிக்கினால், ஹோஸ் கையை விட்டுப் போனால், மணி அடிக்கும்போது வெளியேறும் வழி தெரியவில்லை என்றால், யோசிக்காமல் "மேடே" (உயிர் ஆபத்தில் இருப்பவர் ரேடியோவில் சொல்லும் அவசரச் சொல்) சொல்ல வேண்டும் என்று விதியாக்கி, வாயில் தானாக வரும்வரை பழக்குகிறார்கள். சொன்ன பிறகு பிழைத்து வந்தவரை யாரும் கேலி செய்யாத நிலையமும் வேண்டும். அது விதியில் எழுதி வருவதில்லை.

மீட்கப் போனவர்களே மாட்டுவதற்கு வூஸ்டரைப் பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ், 1999 டிசம்பர் 3. 1906-ல் கட்டி, பிறகு கைவிடப்பட்ட ஆறு மாடிக் குளிர்பதனக் கிடங்கு. ஜன்னல் கிட்டத்தட்ட கிடையாது. சுவர்களில் தார் ஊறிய கார்க்கும் ஃபோமும். அங்கே ஒதுங்கியிருந்த இருவர் கையில் மெழுகுவர்த்தி சாய்ந்து தீப்பிடித்தது, அவர்கள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்கள். உள்ளே வீடற்றவர்கள் தங்குவார்கள் என்ற தகவல் மட்டும் வீரர்களுக்குக் கிடைத்தது. இல்லாத ஆட்களைத் தேடித்தான் உள்ளே போனார்கள். இருவர் வழி தவறி உதவி கேட்டார்கள், காற்று குறைகிறது என்றார்கள், எந்தத் தளம் என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. மேலே போக ஒரே படிக்கட்டு. அவர்களைத் தேடப் போனவர்களில் இன்னும் நால்வர் திரும்பவில்லை.

படிக்கட்டு வாசலில் மாவட்டத் தலைமை அதிகாரி மைக் மெக்னமி நின்றுகொண்டிருந்தார். பின்னால் இன்னும் உள்ளே போகத் துடித்தவர்கள் நின்றார்கள், உள்ளே இருப்பவர்களின் நண்பர்கள். அவர் வழியை மறித்து நின்று, ஏற்கெனவே ஆறு பேரை இழந்துவிட்டோம், இனி யாரும் போகக் கூடாது என்று நிறுத்தினார். எட்டு நாள் கழித்துத்தான் எல்லா உடல்களும் கிடைத்தன. தீக்களத்தில் நடந்த தகவல் பரிமாற்றங்களிலேயே மிகக் கடினமானது அதுதான் என்பேன். ரேடியோவே தேவைப்படவில்லை, ஒரு ஆள் குறுக்கே நிற்க வேண்டியிருந்தது.

அப்படியானால் எதுதான் பலன் தருகிறது? என் பட்டியலில் முதலில் வருவது விலை குறைந்தது. பிரிட்டனில் மாஸ்க் போட்டு உள்ளே போகும் ஒவ்வொருவரும் தன் பெயர்த் தகட்டை வாசலில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அவர் ஒரு பலகையில் அதைச் செருகி, சிலிண்டர் அழுத்தத்தைக் குறித்து, எத்தனை மணிக்கு மணி அடிக்கும் என்று கணக்குப் போட்டு வைப்பார். அந்த நேரத்துக்குள் ஆள் வரவில்லை என்றால், உள்ளேயிருந்து யாரும் கூப்பிடாமலே எச்சரிக்கை போகும். கூப்பிட முடியாதவருக்காகக் கடிகாரம் கூப்பிடுகிறது. ரேடியோ செத்துப்போனாலும் இது நடக்கும்.

அடுத்து, பொறுப்பதிகாரியை வண்டிக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்செட் மாட்டி, பக்கத்தில் கேட்பதற்கென்றே இன்னொருவரை வைப்பது. தீக்களத்துக்குத் தனிச் சானல், கட்டுப்பாட்டு அறைக்குத் தனிச் சானல். உள்ளே இருப்பவர்கள் தொலைவிலுள்ள கோபுரம் வழியாக இல்லாமல் கைரேடியோவிலிருந்து கைரேடியோவுக்கு நேராகப் பேசுவது, ஏனென்றால் அடித்தளத்திலிருந்து கோபுரம் எட்டாவிட்டாலும் வாசலில் நிற்பவர் எட்டுவார். கிடைத்த உத்தரவைக் கேட்டவர் திருப்பிச் சொல்வது. வெறும் "சரி" என்று சொன்னால் எதைக் கேட்டுச் சரி என்றார் என்று யாருக்குத் தெரியும்? வெளியேறும் உத்தரவுக்கு ரேடியோவோடு வண்டிகளின் ஹாரனையும் சேர்ந்து நீட்டி அடிப்பது. இவை எல்லாம் எழுதப்படாத தீவிபத்து அறிக்கையே இல்லை என்று சொல்லலாம். ஆனாலும் பெரிய உயிர்ச்சேதம் நடந்தால் முதலில் அறிவிப்பது புது ரேடியோ வாங்கும் திட்டம்தான். டெண்டர் விட்டு வாங்கலாம், புகைப்படம் எடுக்கலாம். ஒருவரை நாள் முழுக்கக் கேட்பதற்கு மட்டும் உட்காரவைப்பதற்கு ஆள் பற்றாக்குறையை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்குமே.

ஜிபிஎஸ் மாட்டினால் போதாதா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். கட்டடத்துக்குள் செயற்கைக்கோள் அலை ஒழுங்காக வராது. வந்தாலும் எந்தக் கட்டடம் என்று சொல்லும், எந்த மாடி என்று சொல்லாது. காற்றழுத்தத்தை வைத்து உயரம் கணிக்கலாம், ஆனால் சூடும் புகைவிசிறியும் அந்த அழுத்தத்தையே கலைக்கும். வூஸ்டர் தீக்குப் பிறகு அந்த ஊரின் பாலிடெக்னிக் கல்வி நிறுவனமே உள்ளே இருக்கும் வீரரைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சியில் பல வருடம் இறங்கியது. முன்னேற்றம் இருக்கிறது, ஆனால் எந்தக் கட்டடத்துக்குள்ளும் யோசிக்காமல் நம்பிப் போகும்படியான கருவி எல்லோர் தோளிலும் இன்னும் ஏறவில்லை.

கட்டடம் வைத்திருப்பவர்கள் பக்கத்திலும் நிறைய இருக்கிறது. மாடிக் குழாய்களின் வால்வு அழுத்தத்தை வருடாவருடம் தண்ணீர் விட்டு அளந்து பாருங்கள், பிலடெல்ஃபியாவில் யாரும் அளக்கவில்லை. மாடி எண்ணைப் படிக்கட்டுக் கதவின் மேல்பகுதியில் மட்டும் எழுதாமல், தவழ்ந்து வருபவருக்கும் தெரியும்படி கீழேயும் எழுதுங்கள். உள்ளே அலைபெருக்கி இருந்தால் அதை எப்படி இயக்குவது என்று கண்ட்ரோல் பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள், பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். தீப்பிடித்து வெளியே ஓடிவந்தவர் செய்யக்கூடிய பெரிய உதவி, முதலில் வரும் வண்டிக்காகக் காத்திருந்து, எந்த மாடி, எந்தப் பக்கம், உள்ளே யாராவது இருக்கிறார்களா, இருந்தால் கடைசியாக எங்கே பார்த்தீர்கள் என்று அதிகாரியிடம் நேரில் சொல்வது. எல்லோரும் வந்துவிட்டோம் என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். இல்லாத ஆளைத் தேடி யாரும் உள்ளே போக வேண்டியதில்லை.